கேரவன் வாசலில் ஒரு வாரியல்

தூத்துக்குடியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் கருவாடு, மிளகாய்ப் பொடி, இரண்டு நைட்டி, ஒரு ஜெபப் புத்தகம், ஒரு வாரியல் இருந்தன. தென்னை ஈர்க்குத் துடைப்பத்தை எங்கள் பக்கம் வாரியல் என்போம், பெருக்குவதைத் தூப்பது என்போம். பெட்டிக்குள் அது நேராகப் படுக்காததால் மூலைக்கு மூலை சாய்த்து வைத்துப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினேன்.

"பாலைவனத்துக்கு வாரியல் கொண்டு போற ஒரே பொம்பள நீதாம்ட்டி" என்று அக்கா சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். மூன்று மாதம் குடியிருக்கப் போகிற வீட்டைக் கையால் பெருக்க முடியுமா?

வீடு என்றால் கேரவன். பாலைவனத்தின் நடுவில் மிருகங்களுக்காக வேலி போட்டுப் பாதுகாக்கிற ஒரு பெரிய காட்டில்தான் என் வீட்டுக்காரருக்கு அந்தக் குளிர்காலத்தில் வேலை. காடு என்பது அவர் சொன்ன வார்த்தை. நான் பார்த்தது முழுக்க மணல், அங்கங்கே ஒரு காஃப் மரம், நம்மூர் வன்னிதான். அவருடைய கம்பெனி வருஷா வருஷம் அக்டோபரில் சிலரை அங்கே அனுப்பும். தண்ணீர் பம்பும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொண்டு ஏப்ரல் வரை இருப்பார்கள். வெயில் ஏறியதும் பழையபடி அஜ்மான் கேம்ப், ஒரு அறையில் எட்டுப் பேர்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். சேர்ந்திருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஏழு மாதம் தேறாது. பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு நான் காலண்டரைத்தான் காட்டியிருக்க வேண்டும். குடும்ப விசா எடுக்கிற அளவுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த வருஷம்தான் அவருக்குத் தனியாக ஒரு கேரவன் கிடைத்தது. அவர் எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜரிடம், விசிட் விசாவில் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த மேனேஜர் தென்னாப்பிரிக்காக்காரர், கொஞ்சமாகப் பேசுகிறவர். "பிரச்சனை வராத வரைக்கும் இருக்கலாம்" என்று சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன்.

கேரவனை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சக்கரம் வைத்த தீப்பெட்டி. ஒருவர் அடுப்படியில் நின்றால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். சாப்பிடுகிற மேசையை மடக்கினால் அதுவே படுக்கை. அவர் புரண்டு படுத்தால் மொத்த வீடும் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். எனக்கோ அதில் ஒரு குறையும் தெரியவில்லை. காலையில் அவர் சட்டையைத் தேட, நான் தேயிலைத் தூளைத் தேட, இருவரும் முட்டிக்கொண்டு நிற்போம். ஏழு வருஷம் போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டிப் பேசியவளுக்கு அந்த முட்டல்கூட இனித்தது.

காட்டுக்கென்று சில சட்டங்கள் உண்டு. மிருகங்களுக்குத் தீனி வைக்கக் கூடாது. செடி நடக் கூடாது. குப்பையில் ஒரு துண்டுகூட மணலில் விழக் கூடாது. எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி கேட்டுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. சுத்தத்தைச் சட்டமாகவே போட்டு வைத்த இடம் எனக்குத் தோதாகத்தானே இருக்கும்.

கேரவனிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கான பம்ப்பைப் பார்ப்பதற்காகத்தான் எங்கள் கேரவனை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர் ஐந்து மணிக்கே பிக்கப்பை எடுத்துக்கொண்டு மற்ற பம்ப்புகளைப் பார்க்கப் போய்விடுவார், திரும்ப மதியம் ஆகும். அவர் போன பிறகு, வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்னால், மேடு ஏறி அவை வரும். வெள்ளை உடம்பு, கறுப்பு முகம், வாள் மாதிரி இரண்டு கொம்பு. ஓரிக்ஸ் என்று பெயர். பின்னாலேயே சின்ன மான்கள். நான் ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பேன். அவற்றில் ஒன்றுக்கு வயிறு தொங்கிக்கொண்டிருக்கும். மற்றவை குடித்து முடிக்கும் வரை அது தள்ளியே நிற்கும். நீ முதலில் குடியேன் என்று தினமும் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அதைத் திட்டுவேன்.

குடித்து முடித்ததும் போய்விடும். வாசல் முழுக்கக் குளம்புத் தடமும் புழுக்கையுமாகக் கிடக்கும்.

எனக்கு எப்படிக் கை சும்மா இருக்கும்? முதல் நாள் படிக்கட்டுக்கு முன்னால் மட்டும் பெருக்கினேன். மறுநாள் கொடிக்கயிறு வரைக்கும் போனேன். முற்றம் பெருக்குகிற எந்தப் பெண்ணும் தன் எல்லையோடு நின்றதில்லை. பத்தாம் நாள் தொட்டியைச் சுற்றி வந்துவிட்டேன். குனிந்து, வரி வரியாக, எங்கள் ஊர் மாதா கோயில் முற்றத்தைப் பெருக்குகிற நேர்த்தியோடு பெருக்கினேன். புழுக்கையைக் கூட்டி அள்ளிச் சட்டப்படி கறுப்புப் பையில் கட்டினேன். பிக்கப்பில் எப்போதும் பைப்பும் டீசல் கேனும் நிறைந்திருந்ததால் அந்தப் பைகள் கேரவனுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்தன.

நான் பெருக்கி முடித்த பிறகு, ஏழு மணிக்கு ஒரு ஜீப் வரும். தடம் பார்க்கிறவர் அதில் வருவார். பாகிஸ்தான் பலூச்சிக்காரர், என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். மணலில் பதிந்த காலடிகளைப் பார்த்து எந்த மிருகம் வந்தது, எத்தனை வந்தது என்று எழுதுவது அவர் வேலை என்று தெரியும். ஆனால் எங்கள் பக்கம் மட்டும் அவர் இறங்கவே மாட்டார். தூரத்து மேட்டில் ஜீப்பை நிறுத்தி, பைனாகுலரில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கருவாட்டைத் தொடாமல் இருந்தார். கருவாட்டைத் தொடாத மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"சனிக்கிழமை லாரி வருது. தொட்டியத் தூக்கிட்டுப் போறாவ."

"எங்க?"

"வேற பக்கம். இங்க ரெண்டு வாரமா ஒரு உருப்படிகூடத் தண்ணி குடிக்க வரலியாம். ஜெனரேட்டர் சத்தத்துல ஒதுங்கிட்டுன்னு மேனேஜர் சொல்லுதாரு. தொட்டி இல்லன்னா பம்ப் இல்ல. பம்ப் இல்லன்னா கேரவன் இல்ல. நான் கேம்புக்குப் போவணும். ஒனக்கு டிக்கெட் மாத்தணும்."

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"வரலன்னு எவன் சொன்னான்? தெனமும் அதுக போட்ட புழுக்கைய அள்ளி அள்ளி எனக்கு நடு ஒடியுது!"

அவர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த வாரியலைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய், வரி வரியாகக் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏட்டி, தொட்டிக்கிட்டேயும் தூத்தியா?"

"பெருக்காம? முத்தம் நாறிப்போயில்லா கெடந்துது."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூரத்து மேட்டிலிருந்து பார்த்தால் வாரியல் போட்ட கோடும் காற்று போட்ட கோடும் ஒன்றுதான். எங்கள் ஊரில் விடிந்தும் முற்றம் பெருக்காமல் கிடந்தால்தான் அந்த வீட்டில் ஆள் இல்லையோ, சுகமில்லையோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே பெருக்கிய முற்றத்தைப் பார்த்துத்தான் யாருமே வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எங்களை அங்கே குடிவைத்திருந்ததே அந்தக் குளம்படிகள்தான். அவற்றை நானே தினமும் என் கையால் கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

"அந்தத் தடம் பாக்குறவரு ஏன் கீழ எறங்கிப் பாக்கல?" என்றேன், பழியைப் பாதியாவது யார் தலையிலாவது வைக்கலாம் என்று.

"பொம்பள தனியா இருக்க எடத்துக்குப் பக்கத்துல அவுக வர மாட்டாவ. அது அவுக மரியாதை."

திமிர் என்று நான் நினைத்தது மரியாதை. வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் யோசித்தது வேறு. "நாளைக்குப் போய்ச் சொல்லலாம். ஆனா பொம்பள வந்துதான் கெட்டுதுன்னு மொதல்ல ஒன்னத்தான் அனுப்புவாவ. அப்புறம் எந்த வருஷமும் ஒன்னக் கூப்பிட முடியாது." சொல்லாவிட்டாலோ சனிக்கிழமை லாரி. வியாழன் ஒரு நாள் தடத்தை வைத்து முடிவை மாற்ற மாட்டார்கள். வெள்ளி விடுமுறை, அன்று தடம் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பெருக்காமல் விட்டுத் தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கவும் நாள் இல்லை.

நான் அன்று அழுதேன். சத்தமாகவே அழுதேன். அந்தத் தீப்பெட்டி வீட்டை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அழுது முடித்ததும் வயிறு தொங்கிய அந்த ஓரிக்ஸ் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அது மேடு ஏறி வந்து வெறும் மணலைப் பார்க்குமே. "நாமளே போய்ச் சொல்லுவோம்" என்றேன். "பைகளையும் ஏத்துங்க."

மறுநாள் காலை மேனேஜரின் ஆபீஸில் நின்றேன். அவர் மேசைக்குப் பின்னால், தடம் பார்க்கிறவர் சுவரோரமாக. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தேன். இவரை நம்பினால் லாரியே வந்துவிடும்.

"சார், அனிமல் கம். டெய்லி கம். ஐ க்ளீன்" என்றேன்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பையை அவிழ்த்து அவருடைய டைல்ஸ் தரையிலேயே கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

தடம் பார்க்கிறவர்தான் முதலில் அசைந்தார். என்னை நேராகப் பார்க்காமல் வந்து தரையில் மண்டியிட்டார். புழுக்கைகளை விரலால் ஒதுக்கினார். பெரியவை ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம். ஒன்றை உடைத்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த பையையும் பிரிக்கச் சொன்னார். சின்னக் குவியல், பெரிய குவியல், அதற்குள் பழசு, புதுசு. ஏதோ நகை பார்க்கிற ஆசாரி போல அத்தனை கவனம். கடைசியில் தரையைப் பார்த்தபடியே, "பாபி, ஜாடு லகாயா?" என்று கேட்டார். அண்ணி, வாரியல் போட்டீர்களா என்று. நான் தலையாட்டியதும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனுஷன் அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

மேனேஜர் சிரிக்கவில்லை. பாலைவனத்தை எதற்குப் பெருக்கினாய் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இப்போதுதான் வாயைத் திறந்து எங்கள் ஊர் முற்றத்தைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேனேஜர் தரையில் கிடந்த குவியல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "லாரி மூன்று நாள் நிற்கட்டும். பெருக்காதே" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மூன்று காலைகளை நான் எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். வாசல் கிடந்த கிடையைப் பார்த்துக் கை அரித்தது. வாரியலை என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஜீப் முதல் தடவையாக மேட்டை விட்டு இறங்கி வந்தது. தொட்டிக்கு எட்டத்தில் நின்று இரண்டு முறை ஹார்ன் அடித்தது. நான் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். தடம் பார்க்கிறவர் நடந்து, குனிந்து, எழுதி முடிக்கும் வரை ஜெபம்தான். போகும்போது மறுபடி இரண்டு ஹார்ன்.

லாரி வரவில்லை. தொட்டி அங்கேயே இருந்தது.

அன்றிலிருந்து அதுவே முறை. ஹார்ன் அடித்தால் நான் உள்ளே. அவர் பார்த்து முடித்துத் திரும்ப ஹார்ன் அடித்தால் நான் வாரியலோடு வெளியே. ஒரு நாள் மட்டும் ஹார்ன் நிற்கவே இல்லை. பதறிக் கதவைத் திறந்தேன். அவர் ஜீப்புக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் தொட்டிப் பக்கம் நீட்டி, "பாபி, தேக்கோ!" என்று கத்தினார், பாருங்கள் என்று. பெரிய குளம்படிக்குப் பக்கத்தில் என் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சின்னக் குளம்படி. வயிறு தொங்கியவள் பெற்றுவிட்டாள். அந்த இடத்தை மட்டும் அன்று பெருக்காமல் விட்டேன்.

விசா முடிந்து பிப்ரவரிக் கடைசியில் நான் கிளம்ப வேண்டியிருந்தது. அன்று காலை மேனேஜரே வந்தார். அவர் வந்தது எதற்கென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் உண்டா என்று கேட்க என் வீட்டுக்காரருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் இங்கிலீஷ் வரவில்லை. மேனேஜர் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். படிக்கட்டில் என் பெட்டி இருந்தது. ஒரு மூலையில் ஜிப் மூடாமல் வாரியலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன சொன்னாரு?"

என் வீட்டுக்காரர் வாரியல் நுனியைத் தொட்டுக் காட்டினார். "வாரியல எதுக்குக் கொண்டு போறாவ, நவம்பர்ல வந்து எதக் கொண்டு தூப்பாவன்னு கேக்குதாரு."

பெட்டியைத் திறந்து வாரியலை எடுத்தேன். கதவுக்குப் பின்னால், அது எப்போதும் நிற்கிற இடத்தில் சாத்தினேன். ஏழு வருஷமாக எந்த ஏர்போர்ட்டிலும் அழாமல் நாங்கள் பிரிந்ததில்லை. அன்று பெட்டி லேசாக இருந்தது, ஜிப்பும் ஒரே இழுப்பில் மூடியது. ஊருக்கு வந்து இறங்கியதும் அக்கா, "வாரியல எங்கட்டி?" என்று கேட்டாள்.

"வீட்ல இருக்கு" என்றேன்.