வட்டைக்கு வட்டை பியர் வடித்த தருமலிங்கம்

தருமலிங்கம் போய்விட்டார் என்று அவருடைய தங்கை மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். "மாமா காலைல தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாஞ்சவர், மறுகா எழும்பல்ல" என்றான். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வாவிக்கரை ஐஸ் பக்டரியில் எங்களோடு வேலை செய்தவர்களும் சித்தாண்டிப் பக்கத்து வெள்ளாமைக்காரர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அவர் ஜெர்மனியில் ஏழு வருடம் இருந்தவர். ஒரு சிற்றூரில் பகலில் திராட்சைத் தோட்டத்திலும் பின்னேரத்தில் பக்கத்துப் பியர் ஆலையிலும் வேலை. தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்தார். சண்டை தொடங்கியது, திரும்பிப் போகவில்லை. நான் மெக்கானிக்காக இருந்த ஐஸ் பக்டரியில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தார்.

சேர்ந்த மாதமே குளிரறையில் ஒரு மூலை கேட்டார். பழைய இன நெல்லை முளைகட்டி, காயவைத்து, அதில் பியர் வடிக்கப் போவதாகச் சொன்னார். லாகர் என்ற வகையாம். குளிரில் மெதுவாகப் புளித்து, அதே குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டுமாம். அனுமதிப்பத்திரம் இல்லாத வேலைதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு போத்தல்கூட அவர் விற்றதில்லை.

நெல் வாங்க அவரோடு சைக்கிளில் நானும் போயிருக்கிறேன். மருதடி வட்டை என்ற வயல்வெளியின் நெல்லையும் பெருவெளி வட்டை நெல்லையும் ஒரே சாக்கில் போட விடமாட்டார். இரண்டும் ஒரே இனம்தானே என்று கேட்டேன். திராட்சைக்காரர்கள் ஒரு மேட்டுப் பழத்தை மற்ற மேட்டுப் பழத்தோடு கலக்கமாட்டார்கள், அந்தந்த மண்ணும் அந்த வருட மழையும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார். ஒவ்வொரு சாக்கிலும் வட்டையின் பெயர், விதைத்தவர் பெயர், அறுத்த திகதி எல்லாம் எழுதிய துண்டு தொங்கும்.

ஒருமுறை டீசல் வராமல் இயந்திரம் பாதி நேரம்தான் ஓடியது. தோணிகள் நிறைய மீனோடு வந்துவிட்டன. குளிரறையில் அவருடைய மூலையையும் மீனுக்குக் கேட்கத் தயங்கி நின்றேன். அவர் தானே பீப்பாய்களை வெயிலுக்கு உருட்டி வைத்துவிட்டு வந்தார். நான்கு மாத வேலை இரண்டு நாளில் கெட்டுப்போனது. "நான் திரும்ப வடிக்கலாம். அவங்க திரும்பப் பிடிக்கேலுமா?" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் துண்டுகளால் அவருக்கு ஆபத்தும் வந்தது. சோதனைச்சாவடியில் சாக்குகளை இறக்கியவர்கள், வட்டைப் பெயர்களையும் இலக்கங்களையும் ஏதோ இரகசியக் குறிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அவரை இரண்டு நாள் தடுத்து வைத்திருந்து விட்டார்கள். உதடு வீங்கி வந்தவரிடம், அந்தத் துண்டுகளைக் கிழித்தெறியச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கிழிச்சா எல்லாம் வெறும் நெல்லுதானே மச்சான்" என்றார். அன்று பின்னேரமே, நனைந்து அழிந்திருந்த இரண்டு துண்டுகளைப் புதிதாக எழுதிக் கட்டினார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அடுத்த வருடம் அறுவடை முடிந்த கையோடு அந்த வட்டைகளின் சனமெல்லாம் இடம்பெயர்ந்தது. எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது வீடுகளோடு விதைநெல்லும் எரிந்திருந்தது. நிவாரணமாகக் கிடைத்த புது இன நெல், வாவியோரத்து உவர் நிலத்தில் மஞ்சளாகிச் செத்தது. பெருமழைக்கு முன் மறுபடி விதைக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அப்போதுதான் அவர் என்னை, பியருக்கு வாங்கிய நெல்லை அடுக்கியிருந்த பக்டரிக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு சாக்கிலும் நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்திருந்தார். "உயிரோட இரிக்கு. இந்த வருசம் பியர் இல்ல" என்றார்.

மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். துண்டைப் படித்து, அந்தந்த வட்டைக்காரருக்கு அந்தந்தச் சாக்கு. எல்லாருக்கும் போதவில்லை, ஆளுக்கு ஒரு மூலை விதைக்கத்தான் காணும். பாக்கியம் என்ற பெண் கடைசியாக வந்தார். இடம்பெயர்ந்த வழியில் கணவரை இழந்தவர். எந்த நெல்லென்றாலும் பரவாயில்லை என்றார். தருமலிங்கம் ஒரு சாக்கை இழுத்து வந்து துண்டைக் காட்டினார்.

"இது உங்கட வட்டை நெல்லு, தங்கச்சி. உங்கட அவர் அறுத்தது."

அந்தப் பெண் நெல்லுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டபடி அப்படியே இருந்தார். அந்த வட்டையில் இன்றைக்கும் அந்த நெல் விளைகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: நான் குடிப்பதில்லை. என் தகப்பனைச் சாராயம் கொண்டுபோனது. அதை ஒரே ஒரு தரம் சொன்னேன். அவர் ஒருநாளும் கிளாசை என் பக்கம் நீட்டவில்லை. மூக்கை வைத்து மணந்து மட்டும் பார் என்பார். அப்படித்தான் மழை குறைந்த வருடத்தையும் உவர் மண்ணையும் மூக்கால் பிரித்தறியப் பழகினேன். இப்போதும் சோறு போட்டதும் ஒரு கணம் குனிந்து மணக்கிறேன். இது யார் நிலத்து நெல் என்று கேட்கிறேன். பெண்சாதி சிரிக்கிறாள். தருமலிங்கம் எனக்குத் தந்துவிட்டுப் போனது அந்தக் கேள்விதான்.