நாலு சக்கரத்தில் நூருல் அமீன் கட்டிய வீடு

நூருல் அமீன் கட்டிய லாரிகள் போகாத ஊர் மலாயாவில் இல்லை. அவர் போன ஊர் ஜொகூர் பாரு மட்டும்தான். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு லாரிப் பட்டறையில் அவருக்கு வேலை. எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள எலும்புக்கூடாக லாரி வந்து நிற்கும். டிரைவர் உட்காரும் இடம், சரக்கேற்றும் தளம், பக்கப் பலகைகள் என்று மரத்தால் அதற்கு உடம்பு கொடுத்து அனுப்புவார். குள்ளமான, அகன்ற மனிதர். காதில் செருகிய பென்சிலோடுதான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் போவார். யாராவது எடுத்துக் கையில் கொடுத்தால்தான் உண்டு. அடக்கம் என்பது அவரிடம் இல்லை. சிராங்கூன் ரோட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி போனால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவார்.

“பாத்தீங்களா, அது நம்ம கை. பத்து வருசம் கழிச்சுப் பாருங்க, அப்படியே இருக்கும்.”

அவர் கட்டாத லாரி என்றால், “என்னமா குலுங்குது பாருங்க, பாவம்” என்பார்.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அமீன் பட்டறைக்குள் நுழைந்தது அப்போதுதான். பிறகு வெளியே பார்க்க அவருக்கு நேரமில்லை. அவர் கட்டியவைதான் குவாந்தானுக்கும் கோத்தா பாருவுக்கும் போய், சேறு அப்பிய சக்கரங்களோடு திரும்பி வந்தன. அந்தச் சேற்றை விரலால் சுரண்டி, “இது எந்த ஊரு மண்ணு?” என்று டிரைவர்களிடம் கேட்பாராம். இதைச் சொன்னவர் தனசேகரன், பட்டறைக்கு லாரி ஓட்டுகிறவர்.

பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஓர் ஆம்புலன்ஸ் வண்டியை அமீன் ஏலத்தில் எடுத்தார். கம்போங் கப்போரில் தம் வீட்டுக்குப் பின்சந்தில் அதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பாதியைப் பிரித்தெறிந்துவிட்டு மரத்தில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மேலும் கீழுமாகக் கட்டில்கள், மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மாடம், தட்டு வைக்க அலமாரி, பின்பக்கம் இரட்டைக் கதவு. எல்லாம் லாரிக்குக் கட்டுகிற அதே கனமான பலகை. அவருக்கு வேறு மாதிரி கட்டத் தெரியாது. ஆணி அடிக்கவும் மாட்டார். லாரியில் உடைந்த பலகையைக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் போல்ட்டும் நட்டும்தான்.

“ஏன் பாய், தூங்குறதுக்குக் கட்டுறீங்களா, செங்கல் ஏத்துறதுக்கா?” என்று சந்தில் போகிறவர்கள் கேட்டார்கள்.

அவர் மனைவி சம்சுன்னிசாவுக்கு இதெல்லாம் விளையாட்டாக இல்லை. பின்சந்துதான் அவர் துணி உலர்த்தும் இடம். இரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் ஈரத்துணியை எல்லாம் கூடத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். வீடு கட்டி முடிந்து, அதில் மெர்சிங் கடற்கரைக்குப் போக அமீனும் நண்பர்கள் நாங்களும் பேசிக்கொண்டிருந்த சாயங்காலம், தேநீர்க் குவளைகளை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“என்னங்க, ஒண்ணு கேட்டுக்குங்க. இந்த வண்டி தன் காலால போயி தன் காலால வரட்டும், நான் வாயத் திறக்கல. வழியில படுத்து, இன்னொரு வண்டி கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா, காராங்குனிக்காரனக் கூப்பிட்டுப் பழைய இரும்பாப் போட்டுடணும்.”

“இழுத்துக்கிட்டு வர்ற மாதிரியா நான் கட்டுவேன்?”

“போடுவீங்களா, மாட்டீங்களா?”

அமீன் எங்களைப் பார்த்தார். நாங்கள் குவளைகளைப் பார்த்தோம்.

“போட்டுடறேன்,” என்றார்.

1962 மே மாதம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, அதே வாரத்தில் விசாக தின விடுமுறையும் வந்தது. அமீனோடு நாங்கள் நாலு பேர். வண்டியை ஓட்ட தனசேகரன். மீன்பிடிக்கச் சுப்பிரமணியம், துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா, அவர் பிடித்த பெரிய மீன்களை எல்லாம் அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், எல்லோரிலும் இளையவன். பேச்சு குறைவு, இடத்தை அடைக்க மாட்டான் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உட்லண்ட்ஸ் தாண்டிப் பாலத்தின் அந்தப் பக்கம், ஜொகூர் பாருவில், சோதனை அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

“ரூமா,” என்றார் அமீன். வீடு.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் சுப்பிரமணியம் சட்டையில்லாமல் படுத்திருந்தார். சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

கோத்தா திங்கி அருவியில் குளித்தோம். அதற்குப் பிறகு மேடு. வீடு மூச்சு வாங்கியது. லாரிகள் ஒவ்வொன்றாக எங்களை முந்தின. மூன்றாவது லாரி முந்தும்போது அமீன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, “அது நம்ம கை!” என்று கத்தினார்.

“நம்ம கை நம்மளையே முந்துது பாய்,” என்றார் தனசேகரன், கியரை மாற்றிக்கொண்டே. “இவ்வளவு கனத்த ஏத்தி வச்சா மாடுகூடப் படுத்துரும் லா.”

“நீ ஒழுங்கா ஓட்டுடா. கட்டினவன் நான், கவலப்படறவன் நீயா?”

ரப்பர் தோட்டங்கள் ஓய்ந்து காடு வந்தது, காடு ஓய்ந்து செம்மண். கடல் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்கு வந்துவிட்டது. மெர்சிங்கில் குன்றின் மேல் பள்ளிவாசல், கீழே ஆற்றில் படகுகள் தோளோடு தோள் இடித்து நின்றன. வடக்கே கொஞ்ச தூரம் போனால் சவுக்கு மரங்கள், புல்மேடு, அதன் கீழே நீண்ட மணல். தூரத்தில் தீவுகள், யாரோ கடலில் கவிழ்த்துவைத்த சட்டிகள் போல.

பின்னால் சாலையில் ஒரு லாரி போனபோதும் அமீன் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்களுக்குப் புதிது.

தனசேகரன் வண்டியைப் புல்மேட்டில் நிறுத்தினார். அமீன் ஒப்பவில்லை. “கீழ எறக்கு. காலையில கதவத் தொறந்தா எனக்குக் கடல் தெரியணும். அதுக்குத்தான கட்டினேன்.”

“மணல் பாய்.”

“கல்லு மாதிரி இறுகிக் கெடக்குது, பாரு.” காலால் மிதித்துக் காட்டினார். உண்மையிலேயே இறுகித்தான் கிடந்தது. கடலும் வெகு தூரத்தில் இருந்தது. “கடலப் பத்தி மணியத்தக் கேளு. தினம் கடல்லயே வேல பாக்குற ஆளு.”

“இவ்வளவு தூரம் எங்க வரப்போகுது?” என்றார் சுப்பிரமணியம்.

இறக்கினோம்.

தூண்டிலுக்கென்று சுப்பிரமணியம் தேக்கா சந்தையில் வாங்கி ஐஸில் வைத்திருந்த இறாலை, கறிக்கு வாங்கியது என்று நினைத்து தனசேகரன் மிளகாய் அரைத்துச் சம்பல் செய்துவிட்டார். பெரிய ரகளை. “என் தூண்டில் இறாலத் தின்னுட்டீங்களேடா!” என்று கத்திக்கொண்டே சுப்பிரமணியம்தான் அதில் அதிகம் தின்றார். பிறகு பக்கத்தில் வலை காயப்போட்டிருந்த மலாய் மீனவர் ஒருவர் கொஞ்சம் கணவாய்த் துண்டுகள் கொடுத்தார். இருட்டுவதற்குள் சுப்பிரமணியத்தின் தூண்டிலில் ஒரு பாறை மீன் விழுந்தது, முழங்கை நீளம். நாங்கள் மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம் என்பதை அவர் எங்களிடம் தனித்தனியாக உறுதிப்படுத்திக்கொண்டார்.

விடிந்தபோது அமீன்தான் முதலில் கதவைத் திறந்தார். கேட்டபடியே கடல் தெரிந்தது. கதவுக்குக் கீழே.

பின்சக்கரங்கள் அச்சு வரை மணலில் இறங்கியிருந்தன. இறுகிக் கிடந்த மணல் ஈரம் ஏறியதும் களியாகிவிட்டிருந்தது. அலை வந்து சக்கரத்தை நக்கிவிட்டுப் போயிற்று. தனசேகரன் எஞ்சினை முடுக்கினார். சக்கரம் சுழன்று இன்னும் ஒரு சாண் கீழே போனது.

நேற்றைய மீனவர் புல்மேட்டிலிருந்து இறங்கி வந்தார். எங்களை ஒரு மாதிரி பார்த்தார். “பௌர்ணமித் தண்ணீர் இது,” என்றார் மலாயில். “இன்னும் ஏறும். அந்தப் புல் வரைக்கும் வரும்.”

விசாக தினம் என்றால் லீவு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு லீவு கொடுத்த அதே நிலவுதான் கடலையும் எழுப்பிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. துறைமுகத்தில் கடல் கல்சுவரின் மேலே ஏறி இறங்கும். மணலில் நடந்து ஆளைத் தேடி வராது. சுப்பிரமணியம் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.

“மெர்சிங்கில் என் மச்சானிடம் லாரி இருக்கிறது,” என்றார் மீனவர். “ஓடிப்போய்க் கூட்டிவருகிறேன். சங்கிலி போட்டு இழுத்துவிடலாம்.”

“இழுக்க வேணாம்,” என்றார் அமீன்.

“பாய், பிடிவாதம் பிடிக்காதீங்க. எஞ்சினுக்குள்ள உப்புத் தண்ணி போனா எல்லாம் போச்சு!” என்றார் தனசேகரன்.

“இழுத்தாலும் போச்சு. நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

“இங்க யாரு பாக்குறா? சம்சு அக்காகிட்ட யாரு சொல்லப்போறா?”

“நான் சொல்லுவேன்,” என்றார் அமீன். “கேட்டா நான் சொல்லிடுவேன்டா. எனக்குப் பொய் வராது, பெருமதான் வரும்.”

அலை வந்தது. இந்த முறை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. அமீன் வண்டியின் பக்கச்சுவரில் கையை வைத்து நின்றார். லாரியைத் தட்டுவது போல் தட்டவில்லை, வைத்திருந்தார், அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்க் கருவிப்பெட்டியை எடுத்து வந்தார்.

“ஆளுக்கு ஒரு ஸ்பானர். கட்டில்ல ஆரம்பிங்க.”

“என்ன பாய்?”

“கழட்டு. எல்லாத்தையும் கழட்டு. கனமும் குறையும், சக்கரத்துக்குப் பாதையும் ஆகும்.”

மேல்கட்டில் முதலில் வந்தது. அதைச் சுமந்துபோய்ச் சக்கரத்துக்கு முன்னால் போட்டோம். பிறகு கீழ்க்கட்டில், இரட்டைக் கதவு, பக்கச்சுவர். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் பலகை பலகையாக மணலில் விழுந்தன. ஒவ்வொரு நட்டும் அவர் கைக்கு வழிவிட்டது. எங்களுக்குத்தான் சண்டித்தனம் செய்தது. “எடத்துப் பக்கம் திருப்புடா, எடத்துப் பக்கம்! நீ என்ன கடிகாரத்துக்குச் சாவியா குடுக்குற?” என்று என்னைத் திட்டினார். மீனவர் போய் ஆறேழு பேரைக் கூட்டிவந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று கைகளாலேயே சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டினார்கள். அலமாரிக் கதவைக் கழற்றியபோது மட்டும் அமீன் சற்றுத் தயங்கினார். வீட்டுச் சமையலறைக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயம் அதில் இருந்தது. அதையும் கவிழ்த்துப் போட்டார்.

“தனசேகரா, மெதுவா. உறுமாத. கெஞ்சிக் கேக்குற மாதிரி ஏத்து.”

தனசேகரன் கெஞ்சினார். சக்கரம் கட்டில் பலகையைக் கவ்வியது, நழுவியது, மறுபடி கவ்வியது. பத்துப் பதினோரு பேர் தோளைக் கொடுத்தோம். வண்டி ஒரு முழம் ஏறியது. பின்னால் விட்ட பலகையை இழுத்தெடுத்து முன்னால் ஓடிப்போய்ப் போட்டோம். மறுபடி ஒரு முழம். கட்டில் மேல், கதவு மேல், சுவர் மேல் என்று அந்த வீடு தன்னையே மிதித்துக்கொண்டு கரையேறியது. அலை எங்கள் இடுப்பைத் தள்ளியபோது, தள்ளுவதற்கு அதையும் சேர்த்துக்கொண்டோம். முன்சக்கரம் புல்லைத் தொட்டது. பின்சக்கரமும் தொட்டதும் தனசேகரன் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவில்லை. சுப்பிரமணியம் மீனவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னார். அமீன் புல்லில் மல்லாந்து விழுந்து சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“யாரு இழுத்தா? சொல்லுங்கடா, யாரு இழுத்தா?”

“யாரும் இழுக்கல பாய்! தள்ளினோம்!”

“தன் காலால ஏறுச்சு! தன் காலால!”

பாறை மீனைச் சுட்டு எல்லோரும் தின்றோம். பிறகு வீட்டைத் திரும்பப் பூட்டினோம். ஒரு பக்கச்சுவர் பிளந்துபோயிருந்தது. நீலக் கதவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால் ஒரு பக்கம் திறந்த வீட்டில்தான் திரும்பினோம். போகும்போது ஜன்னலளவு தெரிந்த காடு, திரும்பும்போது வழிநெடுக எங்களோடு உள்ளேயே உட்கார்ந்து வந்தது.

கம்போங் கப்போர் சந்தில் வண்டி நுழைந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். “என்ன பாய், வீட்டுல திருடன் பூந்துட்டானா?” என்று ஒரு குரல். சம்சுன்னிசா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து முன்பக்கம் பார்த்தார், கயிறோ சங்கிலியோ கட்டிய தடம் இருக்கிறதா என்று.

“சொவரு எங்க?”

“மெர்சிங்குல,” என்றார் அமீன்.

“என் நீலக் கதவு?”

“அது கொஞ்சம் தூரமாப் போயிடுச்சு.”

“யாரு இழுத்துட்டு வந்தா?”

அமீன் பதில் சொல்ல வாயெடுத்தார். சம்சுன்னிசா கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. இவரு பேச்சு வேணாம்.”

நான் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. கட்டில், கதவு, சுவர், கடைசியில் புல் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுநடுவே அமீன் “அதச் சொல்லு, அதச் சொல்லு” என்று என்னைக் குத்திக்கொண்டிருந்தார்.

கேட்டு முடித்ததும் சம்சுன்னிசா செருப்பைக் கழற்றினார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த பக்கமாக வண்டியில் ஏறினார். இரண்டு வருஷத்தில் அவர் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து, அழுத்திப் பார்த்துவிட்டுச் சந்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துக்குச் சொவரு வேணாம்,” என்றார். “காத்து வருது. வேணுங்கிறப்ப தூக்கி மாட்டிக்கிற மாதிரிப் பண்ணுங்க.”

அமீன் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, அப்போதே சட்டத்தில் அளவு குறிக்கத் தொடங்கிவிட்டார்.

“அப்புறம், அடுத்த தடவ எனக்கும் பிள்ளைகளுக்கும் எடம் பத்துமான்னு பாத்துக்குங்க,” என்றார் சம்சுன்னிசா. “அந்த மீனவருக்கும் அவரு பொஞ்சாதிக்கும் நான் நேர்ல நன்றி சொல்லணும்.”