இசக்கிக்கு நான் சொன்ன உண்மை

என் தோழி இசக்கியின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை... உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன்!

“சான்றிதழில் என்ன இருக்கிறது, அனுபவம்தான் பெரிது” என்று உங்களிடம் யாரேனும் சொன்னால், சொல்கிறவரின் வீட்டுச் சுவரை ஒருமுறை பாருங்கள். அவருடைய சான்றிதழ் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். என் வீட்டிலும் தொங்குகிறது. அதை வாங்குவதற்குச் சற்று முன்புதான் இசக்கிக்கு அது வேண்டாம் என்று உபதேசம் செய்தேன்.

நானும் அவளும் ஒரே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள். தென்காசியில் அண்ணாச்சி ஒருவரின் கடையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். குற்றாலத்து லாட்ஜ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் கடை அது. சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மொட்டை மாடிக் கேபிளைக் குரங்குகள் பிடித்து இழுக்கும்; சாரல் ஈரத்தில் இணைப்புகள் பச்சை பூத்துப் போகும். அருவியில் குளித்த ஈரம் காயுமுன் படத்தை ஊருக்கு அனுப்பியாக வேண்டிய விருந்தாளிகள் வரவேற்பறையில் நின்று கத்துவார்கள்.

அப்படியொரு நாள், ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, படித்ததையெல்லாம் வரிசையாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். இசக்கி, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளக்குகள் சிமிட்டுவதைச் சும்மா பார்த்தாள். பிறகு ஒரேயொரு கேபிளைப் பிடுங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது!

“ஒரே வயரோட ரெண்டு முனையையும் யாரோ இதுலயே சொருகியிருக்காவ. உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடந்திருக்கு” என்றாள்.

அது எனக்கும் தெரியும். அதற்கு என்ன பெயர், ஏன் நேர்கிறது, எப்படித் தடுப்பது, எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி விளக்கியிருப்பேன். ஆனால் அந்த இடத்தில், அந்தக் கேபிளை, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று அவள் தோளைத் தட்டிப் பாராட்டினேன். வயிறு எரிந்தது.

இசக்கியின் அப்பா போலீஸில் ஏட்டு. வீட்டில் வயலும் உண்டு, வீம்பும் உண்டு. மகள் சென்னைக்குப் போய் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “ஊரு ஒத்துக்கிடுத மாரி ஒரு சர்டிபிகேட்டைக் கொண்டாந்து காட்டு, நானே ரயில் ஏத்தி விடுதேன். இல்லன்னா தை மாசம் சிவகிரி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு.”

எங்கள் தொழிலில் அப்படியொரு சான்றிதழ் வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் போய் நெட்வொர்க் தேர்வு எழுத வேண்டும். அவளுடைய எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு தேர்வில் இருந்தது. அது எனக்குத் தெரியும்... நன்றாகத் தெரியும்!

அவள் என்னிடம்தான் வந்தாள். எங்கள் இருவரில் புத்தகம் படிக்கிறவள் நான் அல்லவா?

“ஏட்டி சுப்பு, அந்தப் பரீட்சை எழுதட்டுமா? நீ என்ன சொல்லுதே?”

நான் என்ன சொன்னேன் என்று ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. “உனக்கு எதுக்குட்டி அது? கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணி எவன் எவனோ பாஸ் பண்ணுதான். ஸ்விட்சைக் கண்ணால பாத்திருக்க மாட்டான். உன் கைதான் உனக்கு சர்டிபிகேட். நல்ல கம்பெனிக்காரன் கையைப் பாத்துத்தான் எடுப்பான்.”

இதில் எந்த வரி பொய்? சொல்லுங்கள்! மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இப்போது நானே மேலாளர். கைப்பழக்கம் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் கையை நீட்டக்கூட வாசலுக்குள் விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஏன் விழுங்கினேன்? அவளிடம் கை இருந்தது. காகிதமும் சேர்ந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று பல காலம் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை!

அடுத்த மாதமே, புளியறையில் சித்தி வீட்டு விசேஷம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதற்கு நேரெதிர்த் திசையில் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறினேன். தேர்வு எழுதினேன். தேறினேன். சென்னையில் வேலை கிடைத்தது.

“எப்படிட்டி கெடைச்சுது?” என்று கண்கள் விரியக் கேட்டாள்.

“அனுபவத்தைப் பாத்து எடுத்தாவ” என்றேன்.

உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன் என்றேனே... இந்தப் பொய்யை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். வாக்குமூலம் என்று உட்கார்ந்தும்கூடக் கை தானாக ஒளித்து வைக்கிறது.

என் பேச்சை நம்பி, தன்னையும் யாராவது அப்படியே கூப்பிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தை மாதம் வந்தது. திருமணத்துக்கு நான் போகவில்லை. விடுப்பு இல்லை என்றேன். அவள் அழைப்புகளை எடுப்பதையும் கொஞ்சங்கொஞ்சமாக நிறுத்திக்கொண்டேன். சிவகிரி வீட்டில் சில ஆண்டுகள் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை என்று பிறர் சொல்லக் கேள்விப்பட்டேன். அட, பாவம் என்றேன். நான்தான் சொன்னேன்!

இப்போது எங்கள் நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிளை திறந்திருக்கிறது. ஊர்க்காரி என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நெட்வொர்க் பிரிவுக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தோம். மேசையில் நான், எதிர்ச் சுவரின் திரையில் சென்னையிலிருந்து உயரதிகாரி.

கதவைத் திறந்துகொண்டு இசக்கி வந்தாள்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. ஏதோ பேச வாயெடுத்தவள், இடம் கருதி அடக்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள்.

கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். “பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கமிஷன் கடை எல்லாத்துக்கும் இப்ப நான்தான் சார் லைன் பாக்கேன். விடியுமுன்னே ஏலம் தொடங்கிரும், அதுக்குள்ள லைன் நின்னு பேசணும்” என்று சிரித்தாள். திரையில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது.

“எல்லாம் நல்லா இருக்கு. ஆனா சர்டிபிகேட் ஒண்ணுமே இல்லையேம்மா? இதோ, மேடத்தைப் பாருங்க. உங்க ஊர்தான். நம்ம கம்பெனியில சேருமுன்னாடியே எழுதிப் பாஸ் பண்ணிட்டாங்க. அதை வெச்சுத்தான் அவங்களை எடுத்தோம். நீங்க ஏன் எழுதலை?”

இசக்கி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தேன்.

“வீட்டுல விடலை, சார்” என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய்! அந்த வீடுதானே சான்றிதழைக் கொண்டுவா என்று கேட்டது?

உயரதிகாரி நல்ல மனிதர். அவரே ஒரு வழி திறந்தார். “மேடம், உங்களுக்கு இவங்களை முன்னாடியே தெரியுமா? வேலையைப் பத்தி நீங்க உறுதி சொன்னா இப்பவே எடுத்துக்கலாம். சர்டிபிகேட்டை உள்ள வந்த பிறகு எழுதிக்கட்டும்.”

ஒரு சொல். “தெரியும்” என்ற ஒரு சொல் போதும்! நான் கெடுத்ததில் பாதியாவது அந்த நிமிடத்தில் நேராகியிருக்கும். நான் என்னென்ன நினைத்தேன் தெரியுமா? எப்படித் தெரியும் என்று கேட்பார். பழைய கதை வெளியே வரும். அது வராவிட்டாலும், நாளை இவள் என் எதிர் மேசையில் உட்கார்ந்து, நான் நாள் முழுக்கத் தேடுவதை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள். எல்லாரும் பார்ப்பார்கள்...

“தெரியாது சார்” என்றேன்.

இசக்கி என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

“ஆமா சார். மேடத்தை இன்னைக்குத்தான் பாக்கேன்.”

எழுந்து இருவருக்கும் நன்றி சொன்னாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் அவள் நிற்பாள், திட்டுவாள், குறைந்தபட்சம் திரும்பியாவது பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாவூர்சத்திரம் சாலையில் போய்விட்டாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவள் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. ஒருவரையொருவர் தெரியாது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள். அன்றைக்கும் என் பேச்சைத்தான் கேட்டாள்!

நீங்கள் கேட்கலாம்... இதை ஏன் அவளிடம் சொல்லாமல் எங்களிடம் சொல்கிறாய் என்று. உங்களிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான்.

அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. உயரதிகாரி நேற்றும் விசாரித்தார். “அந்தப் பாவூர்சத்திரம் அம்மா நல்லாத்தான் பதில் சொன்னாங்க, யோசிச்சுப் பாருங்க மேடம்” என்றார். பார்க்கிறேன் சார் என்றேன். விண்ணப்பத்தில் அவளுடைய தொலைபேசி எண் இருக்கிறது. விண்ணப்பம் என் மேசையில்தான் இருக்கிறது.

நாளைக் காலை மூன்று பேரை வரச் சொல்லியிருக்கிறேன். மூவரிடமும் சான்றிதழ் இருக்கிறது.