கொல்லையில் வைத்த எண்ணெய்ச் சட்டி

இரண்டு கண்ணும் சேர்ந்து நான் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் முதுகை. தலைக்கு ஊற்றிய ஈரம் சொட்ட, இரும்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கொல்லைக் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தேன். உடம்பெல்லாம் முத்து. அவள் நிலைப்படியில் நின்று, திரும்பாமலே பேசினாள். என்னிடம் இல்லை, என் மேல் இறங்கியிருந்த மாரியாத்தாவிடம். “ஆத்தா, நீ இருக்க வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டல. கொல்லைக்குக் கொண்டுட்டுப் போறேன். புகை உம் பக்கம் வராது. கோவிச்சுக்கிடாத தாயே.”

நாங்கள் இருந்தது திருப்பரங்குன்றத்தில், தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு எங்களை மறந்துபோனார். அம்மா அழுது முடித்துவிட்டு வீட்டின் முன்பக்கத்து அறையில் பலகாரக் கடை போட்டாள். முறுக்கு, சீடை, அதிரசம். மலைக்கு வருகிற சனம் வாங்கும். மதுரையிலிருந்து சௌராஷ்டிரக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிருத்திகைக்கு வரும்போது எங்கள் கடை வாசலில் நிறுத்தாமல் போகமாட்டார்கள். அம்மா முறுக்கு சுற்றும்போது யாரோடும் பேசமாட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று ஊர் அவளை இரக்கத்தோடு பார்க்க ஆசைப்பட்டது. அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை. அந்தக் கடை எங்களுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை, ஊருக்கு முன்னால் அவளை நிமிர்ந்து நிற்கவும் வைத்தது.

ஒரே வளவில், சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு நாலு வேலி நிலமும் நாற்பது வேலி வாயும் உண்டு. அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தபோது, வளவுக் கதவைச் சாத்தி, “எங்க வீட்டுல பிள்ளைகளே இல்ல, போங்க அண்ணே” என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். பிள்ளைகள் நாங்கள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். ஆத்தா வருவதற்கு ஊசியால் தடை போடுவதா என்பது அவர் கட்சி. அன்றைக்கு அவருடைய பக்தியை எல்லாரும் மெச்சினார்கள், அம்மா உட்பட.

ஆத்தா பங்குனியில் வந்தாள். திருக்கல்யாணத்துக்கும் தேருக்கும் ஊரே நிரம்பி வழியும் மாதம் அது. சாமிக்கு ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்கிற மண்டகப்படிக்காரர்கள் அதிரசமும் முறுக்கும் கூடைகூடையாகச் சொல்லியிருந்தார்கள். அரிசி இடித்தாகிவிட்டது, பாகுக்கு வெல்லம் வந்திறங்கிவிட்டது, தகர டின்னில் எண்ணெய் நிற்கிறது. அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. வைசூரி என்று சொல்ல மாட்டார்கள், ‘ஆத்தா விளையாடுறா’ என்பார்கள். நல்ல விளையாட்டு.

அம்மை போட்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. கடுகுகூடத் தாளிக்கக் கூடாது. எண்ணெயின் கொதிப்பு ஆத்தாவைச் சீண்டும், அந்தக் கோபம் படுத்திருக்கும் பிள்ளை மேல் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகிவிட்டால் தெரிந்தவர் யாரும் உள்ளே வரமாட்டார்கள். வேப்பிலை செருகிய வீட்டில் பலகாரம் வாங்க எவனுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்தப் பங்குனியை விட்டால் மண்டகப்படிக்காரர்கள் வேறு ஆளிடம் போவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அம்மா ஒரு ராத்திரி முழுக்க என் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே யோசித்தாள். விடிந்ததும் வேப்பிலையைத் தெரு வாசலில் செருகாமல் உள்ளறை வாசலில் செருகினாள். சட்டியைக் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தாள். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு இளநீர் புகட்டினாள். பிறகு மறுபடியும் கொல்லை அடுப்புக்குப் போனாள். அந்த வெயிலில் அவளுக்கே காய்ச்சல் வராதது ஆச்சரியம்.

பலகாரம் போய்ச் சேர்ந்தது. தேர் ஓடியது. முத்து இறங்கியதும் எனக்கு முறைப்படி மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். ஒட்டிக்கிடந்த இமைகளை அம்மா வெந்நீர் தொட்டுத் துடைத்துத் திறந்தபோது வலது கண்ணில் அவள் முகம் தெரிந்தது. இடது கண் வெந்த முட்டையைப் போல் வெளுத்துப்போயிருந்தது. அவள் கத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்த பெரியம்மாதான் கத்தினாள். சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “அடி பாவி, கொல்லையில நீ சட்டி வச்சத நான் பாக்கலன்னு நெனச்சியா? எண்ணெய ஊத்திப் பிள்ள கண்ணப் பொரிச்சிட்டியேடி!”

அந்த ஒரு வாக்கியம் போதும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டது. அந்த அதிரசத்தைத் தின்று வாயைத் துடைத்த ஆட்களே, முறுக்குக்காகப் பெற்ற பிள்ளையின் கண்ணை விற்றவள் என்று பேசினார்கள். எங்கள் வீட்டுப் பலகாரத்தோடு சேர்ந்து அம்மை எந்தெந்த வீட்டுக்குப் போயிற்றோ, எனக்குத் தெரியாது. நியாயமாக அவளைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அதை ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா நாட்டாமை தோரணையில் உட்கார்ந்துகொண்டு, “தெய்வத்த ஏமாத்துனா இப்பிடித்தான்” என்று தீர்ப்புச் சொன்னார். கதவைச் சாத்தி அம்மை குத்துகிறவரை அவர் திருப்பி அனுப்பியது யாருக்கும் நினைவு வரவில்லை. ஊரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அம்மா மாரியம்மன் கோயிலில் ஈரச் சேலையோடு விழுந்து, இனி எண்ணெய்ச் சட்டியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தாள். அதோடு கடை போயிற்று. சட்டியைக் கிணற்றில் போடப் போனவளைப் பெரியம்மா தடுத்து, “நல்ல இரும்பு, ஏன் வீணாக்குற? எங்கிட்டக் குடு” என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த கார்த்திகைக்குப் பெரியம்மா வீட்டு முன்னறையில் பலகாரக் கடை வந்துவிட்டது. மண்டகப்படிக்காரர்களும் அங்கே வந்துவிட்டார்கள். அந்தக் கடைக்குக் கூலிக்கு மாவு இடித்துக் கொடுத்தவள் என் அம்மா. உலக்கைச் சத்தம் எங்கள் பக்கம், எண்ணெய்ச் சத்தம் அவர்கள் பக்கம். எங்கள் வீட்டில் குழம்புக்குக் கடுகு பொரிந்ததே இல்லை. தாளிக்காத குழம்பைத் தின்று வளர்ந்தவள் நான். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கடுகு வெடித்தால் திடுக்கென்கிறது.

ஒற்றைக் கண்ணும் தழும்பு முகமுமாக இருக்கிறவளை எவன் கட்டுவான், படிக்கவாவது போகட்டும் என்று பெரியப்பாவே என்னைப் பசுமலையில் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதையும் கேவலமாகப் பேசிக்கொண்டே செய்தார். படித்தேன், வாத்தியாரம்மா ஆனேன். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வைத்த சண்டைக் காலத்தில், இருந்த கண்ணும் மங்குவதாகத் தோன்றி, மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். நான் கொல்லை அடுப்பைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எண்ணெய்க்கும் உங்க கண்ணுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கருவிழியிலயே முத்துப் போட்டிருக்கு. உங்க அம்மா பட்டினியாக் கிடந்து பூஜை பண்ணியிருந்தாலும் போயிருக்கும். சின்னதுல அம்மை குத்தியிருந்தா தப்பிச்சிருக்கலாம்” என்றார்.

ரயிலடியிலிருந்து வீடுவரை நான் கிட்டத்தட்ட ஓடினேன். அவளுக்கு விடுதலைச் சீட்டு கொண்டுபோவதாக நினைப்பு. அம்மா உரலடியில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மயிரெல்லாம் மாவு. டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா என்றேன். அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சல்லடையை நிறுத்தவில்லை. சலித்து முடித்து, கப்பியைத் தனியே தட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“நெசமாவே அந்த டாக்டரு அப்பிடியா சொன்னாரு?”

“ஆமாம்மா.”

“நீ இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம் தாயி” என்றாள். “பாவம் பண்ணிட்டேன், அதக் கழிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இம்புட்டு மாவையும் இடிச்சேன். இப்ப எதுக்குன்னு நெனச்சு இடிக்கிறது?”