அப்பா முதலாளியான வருஷம்

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் அப்பா முதலாளியானார். அதுவரை சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்தவர். கூடத்துக்காரர் தம் பழைய தறிகளில் நான்கை விற்றபோது, அம்மாவின் நகையைப் போட்டு அப்பா வாங்கினார். நூலைக் கூடத்துக்காரரே தருவார். நெய்த துணியை அவரே மீட்டருக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். “இனி நீரும் மொதலாளிதான் வே” என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் வகுப்பில் எழுந்து நின்று அறிவித்தேன்.

முன்னறையைத் தறிகள் எடுத்துக்கொண்டதால் அடுக்களையில் படுத்தோம். இரண்டு தறியை அப்பாவும் இரண்டை அம்மாவும் ஓட்டினார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வேறொரு கூடத்தில் நெய்தார்; தொழிற்சங்கத்துக்காரர். சில தேசங்களில் ஆலையெல்லாம் தொழிலாளிக்கே சொந்தமாம் என்று சொல்லுவார். எங்கள் வீடும் அப்படியொரு தேசமாகிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

கூலி உயர்வு கேட்டு ஊர்க் கூடங்களிலெல்லாம் வேலைநிறுத்தம் வந்தது. மாமா கொடியோடு எங்கள் வாசலுக்கே வந்தார்.

“ஒரு தறியும் ஓடக்கூடாது அத்தான்.”

“நீங்க மொதலாளிகிட்ட கேப்பிய. நான் யார்கிட்டப் போய்க் கேக்க மாப்ள? எனக்குத்தான் மொதலாளியே கிடையாதே” என்றார் அப்பா.

மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். “எக்கா, ஒனக்கு என்ன கூலி?”

“சொந்தத் தறிக்குக் கூலி என்னலே?” அம்மா தறியை நிறுத்தாமலே கத்திச் சொன்னாள்.

மாமா கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூடங்களில் நெய்தவர்களுக்குக் கூலி கூடியது. அந்தச் செலவை ஈடுகட்டக் கூடத்துக்காரர் எங்கள் மீட்டர் விலையைக் குறைத்தார். அப்பா யாரோடும் சண்டை போடவில்லை. தறிகளை இன்னும் அதிக நேரம் ஓட்டினார். மழைக்காலத்தில் கூடத்திலிருந்து நூல் வருவதும் நின்றது. நான்கு தறிகளையும் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். அப்பா அதே கூடத்துக்குக் கூலிக்குத் திரும்பினார்.

தறிகளை ஏற்றிய வண்டி போன அன்று நான் தெருவில் நின்று அழுதேன். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாவோ முன்னறையின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, பாயை விரித்து, பட்டப்பகலில் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

“நம்ம இனிமே மொதலாளி இல்லையாம்மா?” என்று உலுக்கினேன். அவள் கண் திறக்கவில்லை.

இவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்திருக்க, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எப்படித் தூங்குகிறாள் என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.