காசியில் அத்தான் விட்ட மரச்சீனி

நான் அத்தானோடு காசிக்குப் போனது புண்ணியம் தேடி அல்ல. அக்காவின் கணவரான அந்த மனுஷர் மேல் எனக்கு வருஷக்கணக்காக வன்மம் உண்டு. அதை எங்கே வைத்துத் தீர்ப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது.

அம்மா நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, மூத்தவளைப் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் குளத்தூரில் அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அத்தான்.

"சேக்காளிமாரு வந்திருக்காவ மக்கா. மரச்சீனி அடுப்புல கிடக்கு. எல்லாரும் தின்னு முடிச்ச உடனே கூட்டிட்டு வாறேன்."

வெளியூரில் மரவள்ளிக்கிழங்கு என்பார்களே, அதுதான் எங்கள் மரச்சீனி. அத்தானுக்கு அதுவும் மீன்கறியும் என்றால் உயிர். கூட்டாளிகளின் விருந்து முடியும்வரை போன் வந்த விஷயத்தையே அவர் அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு வாய் கட்டியிருந்தோம். அக்கா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் அது ஆறவே இல்லை.

சென்ற வருஷம், அம்மாவுக்குக் காசியில் பலி போடவேண்டும், அதாவது திதி கொடுக்கவேண்டும் என்றாள் அக்கா. அத்தானுக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை. பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தி வரும். மூவருமாக ரயிலேறினோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். தமிழில் பேசி நடக்காவிட்டால் மலையாளத்துக்கு மாறுவோம், காரியம் நடந்துவிடும். உலகமே இந்த இரண்டு பாஷைக்குள் அடக்கம் என்று அத்தான் நம்பினார். கங்கையில் படகுக்காரனிடம் "ஒந்நு பதுக்கே போ சேட்டா" என்று மெதுவாகப் போகச் சொல்லிச் சத்தம் போட்டார். அவன் சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் துடுப்பு போட்டான். படித்துறை படித்துறையாக அவர் செல்போனில் படம் பிடித்தார். புகை எழும் மயானக் கரையைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தானுக்குப் பேய் பயம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா பலி போட்டு முடித்ததும், அதைச் செய்துவைத்த பண்டா, அந்த ஊர்ப் புரோகிதர், ஒரு சடங்கு சொன்னார். காசிக்கு வருகிறவர்கள் ஒரு காயோ பழமோ கங்கையில் விட்டுவிட்டுப் போகவேண்டும். பிறகு ஆயுசுக்கும் அதைத் தின்னக்கூடாது. எதுவென்றாலும் சரி, உங்கள் இஷ்டம் என்றார். இந்தியில் அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் மொழிபெயர்ப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "எனக்குத் தெரியும்லே. நான் பீட்ரூட்டை விடுதேன். உனக்க அக்கா சக்கையை விடட்டும்."

பீட்ரூட்டை அவர் கையால்கூடத் தொட்டதில்லை. அக்காவோ பலாப்பழக் காலத்தில் சோற்றையே மறந்துவிடுகிறவள். அங்கேயும் அவளுடையதைத்தான் பிடுங்குகிறார். ஆற்றில் தள்ளிவிடலாமா என்று வந்தது எனக்கு.

"அப்படி இல்ல அத்தான்" என்றேன். "பொம்பளையோ ஆம்பளையோ, வீட்டுக்கு ஒருத்தர் விட்டா போதுமாம். ஆனா ஆம்பளை இருந்தா ஆம்பளையாக்கும் விடணும். ரொம்பப் பிரியமானதை, பெஞ்சாதி கேக்க உரக்கச் சொல்லணும். ஏமாத்துனா செத்தவங்க நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்களாம்."

அத்தான் முகம் வெளுத்தது. "எலே, அவருட்ட இன்னொருக்கா நல்லா கேளு."

நான் பண்டாவிடம் திரும்பி, சாயங்கால ஆரத்திக்குச் சீக்கிரம் வந்தால் உட்கார இடம் கிடைக்குமா என்று இந்தியில் கேட்டேன். அவர் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று பலமாகத் தலையாட்டினார்.

அத்தான் முட்டளவு தண்ணீரில் நின்றார். அக்காவைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். கடைசியில் உரக்க, "மரச்சீனி" என்றார். எனக்குள் பட்டாசு வெடித்தது. அன்று ஆரத்தியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அவருடைய தொங்கிப்போன முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் குளத்தூருக்குப் போயிருந்தேன். அத்தான் முன்னறையில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்க மரச்சீனி வேகும் மணம். இப்போதெல்லாம் அக்கா தினமும் அதைத்தான் அவிக்கிறாளாம். அத்தான் என்னிடம் பரிதாபமாக, "இதுக்கு ஒரு பரிகாரம் உண்டுமா மக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாய்க்கு இனித்தது அந்த வார்த்தை.

அடுக்களையில் அக்கா எனக்குத் தட்டு வைத்தாள். மீன்கறியை ஊற்றியபடியே கேட்டாள்.

"பண்டா நெசமாவே அப்பிடியா மக்கா சொன்னாரு?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. "இல்லக்கா" என்றேன்.

அவள் மீன்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு முன்னறையை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆளு சாவுறது வரைக்கும் இது தெரியப்பிடாது, கேட்டியா?"