எங்கள் இல்லத்துக்கு வந்த சினிமாக் குடிகாரர்

குடிநோய் இல்லத்தில் வார்டு பார்க்கிறவனுக்கு முதல் வேலை, வருகிறவர்களின் பையைச் சோதிப்பது. இரண்டாவது வேலை, சோதித்ததற்காக வாங்கிய வசவை மறந்துவிடுவது. வீட்டில் குடிக்கிற ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திண்டிவனம் பக்கத்தில் நான் வேலை பார்த்த இல்லத்தில் ஒரு வாரம் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. குடித்துக் கெட்டவன் ஒருவன் இப்படியொரு இல்லத்தில் சேர்ந்து மீள்கிற கதை. விருப்பமுள்ள நோயாளிகள் கூட்டத்தில் நிற்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்திருந்தார்.

காபி டம்ளர்

கதாநாயகர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். கை உதறு உதறென்று உதறியது. டைரக்டருக்கு ரொம்பத் திருப்தி. கூட்டத்தில் நின்ற ஆரோக்கியசாமி மட்டும் சிரித்துவிட்டார். கொத்தனார், சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. கதாநாயகர் கோபப்படாமல் அவரைக் கூப்பிட்டு, செய்து காட்டச் சொன்னார். ஆரோக்கியசாமி டம்ளரைத் தூக்கவே இல்லை. மேசைமேல் வைத்தபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயைக் கீழே கொண்டுபோனார்.

“இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கல சார். இங்க வந்த புதுசுல எம் பொண்ணு பார்க்க வந்துச்சி. அது எதிர்ல சிந்தக் கூடாதுன்னு இப்புடித்தான் குடிச்சேன்.”

கழுவாத பாட்டில்

ஒயின்ஷாப் காட்சிக்குக் காலி பாட்டில்களில் டீத்தண்ணி ஊற்றி வைத்தார்கள். சரியாகக் கழுவவில்லை, வாடை அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆரோக்கியசாமியைக் காணோம். கேட்டுக்கு ஓடினேன், கிணற்றடிக்கு ஓடினேன். கடைசியில் சமையற்கட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

“கை சும்மா இருந்தா கால் அங்க போயிடும்ணே. ஜல்தியா இன்னொரு மொறம் குடுக்கச் சொல்லு.”

அழுகை

கணவனை உள்ளே விட்டுவிட்டு மனைவி அழ வேண்டிய காட்சி. நடிகை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அன்று பார்வையாளர் நாள். ஆரோக்கியசாமியின் மனைவி மேரி வந்திருந்தார். “நீங்க அன்னிக்கு எப்படி அழுதீங்கம்மா?” என்று டைரக்டர் கேட்டார். பக்கத்தில் மனைவியின் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“அழுவலீங்க. பஸ் ஏறி உக்காந்தேன், தூங்கிட்டேன். விழுப்புரத்துல கண்டக்டர்தான் எழுப்பினாரு. கல்யாணம் கட்டினதுலேர்ந்து அன்னிக்குத்தான் பயமில்லாம தூங்கினேன்.”

படம் வந்தது

வீட்டுக்குப் போன ஆரோக்கியசாமி நடுவில் ஒருமுறை சறுக்கினார். யாரும் இழுத்து வராமல் தானே திரும்பி வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் தொடவில்லை. படம் வெளியான பிறகு ஒருநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், கையில் மட்டப்பலகையோடு பார்த்தேன். குடும்பத்தோடு விழுப்புரம் போய்ப் பார்த்தாராம். தியேட்டருக்கு நேரெதிரே ஒயின்ஷாப்பாம். “படம் எப்படி?” என்றேன்.

“அந்தாளு ஒரே பாட்டுல திருந்திட்டாண்ணே. எனக்கு இடைவேளையில வெளிய போயி, பொண்ணுக்கு முறுக்கு வாங்கிக்கினு உள்ள வர்றதே பெரிய பாடா இருந்துச்சி.”

அனுப்பிவைத்த ஆள் மறுபடி வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிற தொழில் எங்களுடையதைப் போல் இன்னொன்று இருக்குமா, தெரியவில்லை.